கடைசி விசிலுக்கு அப்புறம் 103 நாட்கள்

அன்புள்ள அண்ணா,

2024-25 ஐ-லீக் கால்பந்து பற்றி ஒரு கேள்வி. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் முடித்தது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். ஆனால் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயம் இன்டர் காசி அணியைச் சாம்பியன் என்றது. இது நியாயமா? அப்புறம், மேல் அடுக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இருக்கும்போது இந்த இரண்டாந்தர லீகை ஏன் இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

முதலில் ஒரு சொல். இரண்டாந்தரம் என்று எழுதாதீர்கள். இரண்டாம் அடுக்கு. கோபத்தோடுதான் சொல்கிறேன். மாடியில் ஒருவர் குடியிருப்பதால் கீழ்வீட்டுக்காரர் தரம் குறைந்தவர் ஆகிவிடுவதில்லை. ஐஸ்வால், ஷில்லாங், ஸ்ரீநகர், கோழிக்கோடு என்று அந்த சீசனில் 12 அணிகள், அணிக்கு 22 ஆட்டங்கள். ஒரு மாலையாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு அந்தச் சொல்லை எழுதினீர்களா? ஐ.எஸ்.எல். ஒப்பீட்டுக்குள் நான் வரவில்லை. அதைப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள்.

நியாயமா என்று கேட்டால், சரியான தீர்ப்புதான். 2025 ஜனவரி 13 அன்று நாம்தாரி அணி காசியை 2-0 என்று வென்றது. ஆனால் மஞ்சள் அட்டைகளால் தடையில் இருந்த ஒருவரை இறக்கியிருந்தது. அப்படி இறக்கினால் ஆட்டமும் அதற்கான மூன்று புள்ளியும் எதிரணிக்குப் போகும். ஆட்டக்காரர் பதிவு தொடர்பான இன்னொரு வழக்கும் இதோடு சேர்ந்துகொண்டது. அதை விடுங்கள்.

என்னால் ஏற்கவே முடியாதது தாமதம். கடைசி நாள் ஏப்ரல் 6. சர்ச்சில் 40 புள்ளி, காசி 39. அந்த மூன்று சேர்ந்தால் காசிக்கு 42. ஆட்டங்கள் முடிந்துவிட்டன, சாம்பியன் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு ஒரு முடிவு சொன்னது, அதன் மேல்முறையீட்டுக் குழு நேர் எதிராகச் சொன்னது. தீர்ப்பாயம் காசியின் பெயரைச் சொன்னது ஜூலை 18-ல். 103 நாட்கள்!

ஜனவரியில் நடந்த ஆட்டத்துக்கு ஜனவரியிலேயே முடிவு வந்திருக்க வேண்டும். டிரா போதுமா, ஜெயித்தே ஆகவேண்டுமா என்று தெரிந்தால்தானே பயிற்சியாளர் கடைசி இருபது நிமிடத்தில் யாரை எடுப்பது, யாரை இறக்குவது என்று முடிவு செய்வார்? ஸ்ரீநகரில் சர்ச்சில் 1-1 என்று டிரா செய்தபோது அந்தப் பையன்கள் எந்தப் பட்டியலை நம்பி ஆடினார்கள்? அந்த மூன்று புள்ளி யாருடையது என்பது தெரியாமலே எல்லா அணிகளும் கடைசி நாளில் இறங்கின. நம் கால்பந்தை நடத்துகிறவர்கள் மேல் அடுக்கில் இப்படி விட்டிருப்பார்களா? அவர்கள் மனதிலும் உங்கள் அந்தச் சொல்தான் இருக்கிறது, க. அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு கோபம்.

இந்த லீகில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டீர்கள். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீகின் கடைசி நாள், சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில், கோப்பைக்கு நம்மோடு போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. நாம் ஜெயித்தால் கோப்பை நமக்கு. ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே மினர்வா கோல் போட்டுவிட்டது. எனக்குப் பக்கத்தில் ஓர் அப்பாவும் பத்து வயதுப் பையனும். அப்பா ஒரு கண்ணை மைதானத்திலும் மறு கண்ணை மொபைலில் கோழிக்கோட்டிலும் வைத்திருந்தார். இடைவேளைக்கு அப்புறம் பெனால்டியில் நம் மான்சி சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. நமக்கு 43, அவர்களுக்கு 42.

வென்றும் மேலே போக அப்போது வழியில்லை. ஐ-லீகை வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் கதவு 2022-23-ல்தான் திறந்தது. பஞ்சாப் அணிதான் முதலில் ஏறியது. கோவையில் கோப்பை தூக்கிய சென்னை சிட்டி இன்று ஐ-லீகிலேயே இல்லை. எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

விசில் ஊதியதும் அந்தப் பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "நாமதானேப்பா?" என்று கேட்டான். "நாமதான்டா" என்றார். அந்த நிமிடமே சொல்ல முடிந்தது. கோவாவிலும் ஒரு பையன் ஏப்ரலில் அப்படிக் கேட்டிருப்பான், அவன் அப்பாவும் "நாமதான்" என்று சொல்லியிருப்பார். ஜூலையில் அவனிடம் என்ன சொல்லியிருப்பார்?