மகனுக்கு முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: தவணையில் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஒரு வருடமாக அத்தை மகனுடைய பழைய அக்கூஸ்டிக் (மின் இணைப்பு தேவைப்படாத) கிட்டாரை வாங்கி வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து தானாகவே வாசிக்கிறான். இப்போது எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறான். கடையில் கிட்டார், பெரிய ஆம்ப் (ஒலிபெருக்கி), எஃபெக்ட்ஸ் பெடல் (ஒலியை மாற்றும் கால்மிதி) எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய், 12 மாத வட்டியில்லாத் தவணை என்றார்கள். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 58,000. வீட்டுக்கடன் 19,000 போக, எல்லாச் செலவும் முடிந்து 6,000 மிஞ்சும். என் தம்பி மருமகனுக்காக 10,000 தருவதாகச் சொல்கிறான். தவணையில் வாங்கலாமா? இல்லை, மகன் பெயரில் 2017-ல் தொடங்கிய பொன்மகன் கணக்கிலிருந்து 30,000 எடுக்கலாமா? “ஆறே மாதத்தில் விட்டுவிடுவான்” என்கிறார் கணவர். (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வாங்கிக் கொடுங்கள், அம்மா. யாரும் சொல்லித்தராமல் ஒரு வருடம் இரவல் கிட்டாரில் விரல் தேய்த்த பையன், இது வேண்டுமா வேண்டாமா என்பதைத் தன் பங்குக்குச் சொல்லிவிட்டான். ஆனால் 48,000 ரூபாய் காம்போ வேண்டாம். தவணையும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். தவணை மாதம் 4,000. மிச்சம் 2,000. கிட்டார் வந்த பிறகு அவனுக்கு அவசியம் தேவைப்படுவது ஒரு நல்ல ஆசிரியர். மாதம் 2,000 ரூபாய் வகுப்புக் கட்டணம் என்று வைத்தாலே உங்கள் 6,000 முழுவதும் போய்விடும். அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும்போது, அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், முதலில் நிற்கப்போவது வகுப்புதான். தவணையை நிறுத்த முடியாதே. கிட்டார் வீட்டில் இருக்கும், கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. உங்கள் கணவர் பயப்படுவது நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

‘வட்டியில்லாத் தவணை’ பற்றியும் ஒரு வார்த்தை. கிரெடிட் கார்டில் எடுத்தால் வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டியளவுக்கு விலையைக் குறைத்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான். வட்டி மீதான 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும். ஆண்டுக்கு 16% வட்டி என்று வைத்துக்கொண்டால், 48,000-க்கு இந்த வரி மட்டும் சுமார் 700 ரூபாய் வரும். செயல்முறைக் கட்டணம் இருந்தால் அது தனி. இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் “மொத்தப் பணமும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கடையில் கேட்டுப் பாருங்கள். வட்டியில்லாத் தவணையின் உண்மையான விலை அந்தப் பதிலில் தெரியும்.

பொன்மகன் என்பது அஞ்சலகத்தின் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குதான். 2017-ல் தொடங்கியதால் இப்போது ஓரளவு எடுக்க விதி இடம் தருகிறது. பிள்ளையின் தேவைக்குத்தான் என்று காப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனாலும் எடுக்காதீர்கள். இப்போதைய 7.1% வட்டி அப்படியே நீடித்தால், அந்த 30,000 ஏழு ஆண்டில் வரியில்லாமல் சுமார் 48,500 ஆகும். கணக்கு முதிரும்போது அவன் கல்லூரியில் இருப்பான். அன்று அந்தப் பணம் அவனுக்கு நிஜமாகவே தேவைப்படும்.

சரி, எப்படி வாங்குவது? இந்த மாதமே வகுப்பில் சேர்த்துவிடுங்கள். கையில் இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரே போதும். கார்டுகளுக்கு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் chord) விரல் வைக்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான். மீதி 4,000-ஐ மாதாமாதம் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். மூன்று மாதத்தில் 12,000, தாய்மாமன் தரும் 10,000, ஆக 22,000. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் 26,000.

இதில் கிட்டாருக்கு 15,000 முதல் 18,000 வரை ஒதுக்குங்கள். யமஹா, ஸ்குயர், ஐபனீஸ், கோர்ட் போன்ற பிராண்டுகளின் ஆரம்ப மாடல்களைப் பாருங்கள். புதிதாக அந்த விலைக்குள் அமையாவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் பழையது வாங்கலாம். பெயர் தெரியாத மலிவுக் கிட்டார் மட்டும் வேண்டாம். சுருதி நிற்காது, கம்பி உயரமாக இருக்கும், பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வான். எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. பிராண்டு கிட்டார் என்றால், ஒருவேளை அவன் விட்டுவிட்டாலும் விற்றுக் கணிசமான பணத்தைத் திரும்ப எடுக்கலாம். கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆம்ப் 10 முதல் 15 வாட் இருந்தாலே வீட்டுக்குத் தாராளம். ஹெட்ஃபோன் மாட்டும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். இரவில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் பழகலாம். பணம் பற்றாவிட்டால் கிட்டாரிலேயே செருகும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். பெடலை இப்போது மறந்துவிடுங்கள். கேபிள், பிக் (கம்பியை மீட்டும் சில்லு), ஸ்ட்ராப் (தோள் வார்), ஒரு செட் கம்பி, கிளிப் ட்யூனர் (சுருதி பார்க்கும் கருவி) இவற்றுக்கு 2,000 வையுங்கள். கம்பி உயரத்தைச் சரிசெய்யும் ‘செட்டப்’ வேலைக்கு ஒரு 1,000.

12 வயதுக்கு முழு அளவு கிட்டார் பொதுவாகச் சரியாக இருக்கும். இருந்தாலும் மடியில் வைத்து, முதல் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கை எட்டுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இடது கைக்காரனா என்பதையும் கவனியுங்கள். பழையது வாங்கினால் ஆசிரியரையோ வாசிக்கத் தெரிந்தவரையோ கூட்டிப் போங்கள். கழுத்து வளைந்திருக்கிறதா, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சத்தம் சுத்தமாக வருகிறதா, கேபிள் செருகும் இடத்திலும் குமிழ்களைத் திருப்பும்போதும் கரகரப்பு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். கம்பியைப் பூட்டும் வகைப் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) உள்ள கிட்டார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள். கம்பி மாற்றுவதும் சுருதி சேர்ப்பதும் புதிதாகக் கற்பவனுக்குப் பெரும் பாடு.

இந்தக் கணக்கை மகனிடமும் காட்டுங்கள். மூன்று நான்கு மாதம் ஏன் பொறுக்க வேண்டும் என்பது புரிகிற வயதுதான். மதிப்பெண் எடுத்தால்தான் கிட்டார் என்று மட்டும் கட்டிவிடாதீர்கள்.

கிட்டார் வந்த பிறகு அந்த 4,000-த்தை வேறு எதற்கும் திருப்பாமல், முதலில் ஜூன் பள்ளிக் கட்டணத்துக்கும் பிறகு அவசர நிதிக்கும் சேருங்கள். வீட்டுக்கடன் இருக்கும் குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும். அது சேரும்வரை பெரிய ஆம்ப் பற்றிய பேச்சு வேண்டாம்.