வாசகர் கேள்வி – பதில்: தவணைக்கு ஒரு அமெரிக்கா

கேள்வி: தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘ஸ்ட்ரோஷெக்’ படத்தை மகனோடு இருந்து பார்த்தேன். அவன் வெளிநாடு போவதற்கு ஏஜென்சியோடு கதைத்துக்கொண்டிருக்கிறான், காணியை ஈடு வைக்கச் சொல்கிறான். படத்தைப் பார்த்தால் மனம் மாறும் என்று நினைத்தேன், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இது சிரிக்கிற படமா, அழுகிற படமா? (வாசகர், மல்லாவி)

பதில்: மகன் சிரித்ததில் பிழையில்லை ஐயா. வேர்னர் ஹெர்சோக் 1977இல் எடுத்த இந்த ஜேர்மன் படத்தில், சிறையிலிருந்து வந்த புரூனோவும் அவன் தோழி ஏவாவும் பக்கத்து வீட்டுக் கிழவரும் பேர்லினை விட்டு அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் பிழைக்கப் போகிறார்கள். கடைசியில் புரூனோவும் கிழவரும் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள், வங்கி பூட்டியிருக்கிறது, சரி என்று சலூனுக்குள் புகுந்து 32 டொலரைப் பறித்துக்கொண்டு, ஓடித் தப்பாமல் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குச் சாமான் வாங்கப் போகிறார்கள். கிழவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போக, புரூனோ துவக்கும் உறைந்த வான்கோழியுமாகத் தனித்து நிற்கிறான். இதற்குச் சிரிக்காமல்?

ஆனால் பொடியனை மறிக்க இந்தப் படம் உதவாது. ஊரோடு இரு என்று அது எங்கேயும் சொல்லவில்லையே. பேர்லினில் ஏவாவை வைத்துப் பிழைக்கிற தடியர்கள் வீடு புகுந்து, புரூனோவைப் பியானோவின் மேல் முழங்காலில் இருத்தி, முதுகில் மணிகளை அடுக்கி விளையாடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரைவிட்டு யார்தான் போகமாட்டார்கள்?

விஸ்கொன்சினில் அடிக்க ஆளில்லை. அங்கே தவணை. கடனுக்கு எடுத்த வாகன வீடு, கடனுக்கு எடுத்த ரி.வி., காசு கட்டுப்படாமல் போனதும் வங்கிப் பொடியன் பேப்பர் கட்டோடு வந்து, குரலை உயர்த்தாமல், மிக மிகப் பணிவாக இன்ன இடத்தில் கையெழுத்து வையுங்கள் என்கிறான். லீசிங்குக்கு மோட்டார் சைக்கிளோ லான்ட்மாஸ்டரோ எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. “அக்கா, இந்த மாதம் மட்டும் எப்படியாவது பாருங்கோ” என்று படலையடியில் நின்று கதைத்த அதே ஆள்தான் பிறகு இரண்டு பேரோடு வந்து சீஸ் பண்ணிக்கொண்டு போவார், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கும். படத்தில் ஏலம் கூறுகிறவர் நடிகர் இல்லை, நிஜ ஏலக்காரர். அவர் மூச்சு விடாமல் பொழிகிற வேகத்தில் புரூனோவுக்கு ஒரு சொல் பிடிபடுவதற்குள் வீடு கைமாறிவிடுகிறது. ஊரில் உதைத்தார்கள், இங்கே சிரித்துக்கொண்டே செய்கிறார்கள் என்று அவன் ஏவாவிடம் சொல்கிற இடம்தான் எனக்குப் படம் முழுவதும்.

போகாதே என்று நானும் சொல்லமாட்டேன். மாத வட்டி எவ்வளவு, போகிற வழியில் பிடிபட்டால் ஏஜென்சி காசு திரும்புமா, காணி உறுதியை யார் மீட்பது, இந்த மூன்றையும் பேப்பரில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். படத்தைப் போடுவதைவிட அது வேலை செய்யும்.

கேள்வி: ஜேர்மனியை விட்டே ஓடுகிறார்களா? எங்கட ஆட்கள் ஜேர்மனிக்குப் போகத்தானே வளவை வித்தவை! (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அதுதான் எனக்கும் பெரிய பகிடி. படம் வந்து சில வருடங்களில், எண்பதுகளின் முதல் பாதியில், எங்கள் பொடியள் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்டார்கள். அதோடு முடியவில்லை தங்கச்சி. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடா மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள், பிறகு பார்த்தால் கப்பலேறியது மேற்கு ஜேர்மனியில்! ஏவாவும் கடைசியில் லொறிக்காரரோடு கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிற வன்கூவருக்குத்தான் புறப்படுகிறாள். 2010இல் ‘சன் சீ’ கப்பல் 492 தமிழரோடு போய்ச் சேர்ந்ததும் அந்தக் கரைப்பக்கம்தான்.

கேள்வி: முடிவில் அந்தக் கோழி ஏன் ஆடுகிறது? பிள்ளைகளோடு பார்க்கலாமா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: காசு போட்டால் கோழி ஆடுகிற பெட்டி அது, புரூனோ காசு போட்டதால் ஆடுகிறது. போட்டவன் போய்விட்டான், அது நிற்கவில்லை. லொறி எரிகிறது, மலையேற்றுகிற நாற்காலி லிஃப்டை நிறுத்தும் சுவிட்ச் அகப்படவில்லை, கோழியையும் நிறுத்த முடியவில்லை, எலெக்ட்ரீசியனை அனுப்புங்கள் என்று பொலிஸ்காரர் வயர்லெஸ்ஸில் கேட்கிறார். இதற்குமேல் தத்துவம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம், முதல் பாதியில் அடி கூட.