விடிய 2.30 மணிக்கு எழும்பும் மருமகள்

கேள்வி: என் மகன் பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணியில் 5 வருடம் இருந்துவிட்டு, இப்போது உக்ரைனில் போர்ச் செய்தியாளனாகத் திரிகிறான். நிரந்தர வேலை இல்லை. அவன் போன் எடுத்தால் எனக்கு அழுகைதான், உடனே வைத்துவிடுவான். மருமகளும் கைக்குழந்தையும் எங்களோடு. அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. விடிய 2.30க்கு எழும்பிப் போன் பார்த்துவிட்டு 8 மணிவரை தூங்குகிறாள். காலைத் தேத்தண்ணியும் நான்தான். மகனை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?
– ஒரு தாய், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: அம்மா, மகன் கதை பிறகு. அந்த 2.30 என்னவென்று அவளிடம் எப்போதாவது கேட்டீர்களா?

அப்போது உக்ரைனில் நள்ளிரவை ஒட்டிய நேரம். போர்முனைக்குப் போகும் செய்தியாளர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் நேரம் சொல்லிவைப்பது வழக்கம்: அதற்குள் தகவல் வராவிட்டால் இன்னாருக்கு அறிவி என்று. போகும் பாதை, இரத்த வகை, கூடப் போகிறவரின் இலக்கம் எல்லாம் அவரிடம் இருக்கும். கடத்தினால் உயிரோடு இருக்கிறானா என்று உறுதிசெய்ய, அவனுக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வியும் இருக்கும். உங்கள் வீட்டில் அந்த ஆள் யாராக இருக்க முடியும்?

படையில் இருந்தபோது அவன் காணாமல் போனால் தேட ஒரு அணியே இருந்தது. இப்போது தேடத் தொடங்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். பழைய பயிற்சி காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். புளொட் என்ற தமிழ் இயக்கத்தில் ஆயுதம் ஏந்தி, பிறகு ‘தராக்கி’ என்ற பெயரில் போரைப் பற்றி எழுதிய சிவராமை 2005 ஏப்ரல் 28 அன்று கடத்தியது போர்முனையில் இல்லை, உங்களுக்குப் பக்கத்துப் பம்பலப்பிட்டியில். மறுநாள் உடல்தான் கிடைத்தது.

இவ்வளவையும் சுமக்கிற பிள்ளையிடம் தேத்தண்ணிக் கணக்கா பார்க்கிறீர்கள்? வெட்கமாக இல்லையா? நீங்கள் அழுவதால்தான் அவன் உங்களிடம் ஒன்றும் சொல்வதில்லை. அவளும் உங்கள் முன்னால் அழாமல் இருக்கிறாள்.

மகனையும் நான் விடமாட்டேன். கைக்குழந்தைக்குத் தகப்பனானவனுக்குப் போர்முனை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் ‘வா’ என்று கேட்கும் முதல் உரிமை அவளுடையது. அவள் கேட்கட்டும், நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள்.

இன்றிரவு நீங்களும் அலாரம் வையுங்கள். “நீ படு பிள்ளை, நான் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்த விவரங்களில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த ஆள் நீங்கள்தான். மகன் எடுத்தால் அழாமல் ஒன்று கேளுங்கள்: போர்ப் பகுதிக்கான காப்புறுதி எடுத்துவிட்டாயா? சாதாரணப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் போருக்குச் செல்லாது. இல்லை என்றால், அது கையில் கிடைக்கும்வரை முன்னரங்குக்குப் போகாதே என்று தாயாகக் கட்டளையிடுங்கள்.