வேல்ஸ் துறைமுக ஊரில் பழைய வரிசை வீடு வாங்கலாமா?

கேள்வி இது: "இங்கிலாந்தில், வேல்ஸ் பக்கம் அபெரைரன் என்ற துறைமுக ஊரில் பழைய டெரஸ் வீடு ஒன்று விலைக்கு வருகிறது. சுவரெல்லாம் ஈரம். வாங்கி, உள்ளே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாமா?"

வாங்குங்கள். இடிக்காதீர்கள். அதே ஊரில், அதே காலத்து வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நான் பொறியாளர் இல்லை, செவிலியர். ஆகவே கட்டடக்கலை படித்தவர்கள் பின்னூட்டத்தில் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டியவள் நான்.

நம் ஊரில் டெரஸ் என்றால் மொட்டை மாடி. இங்கே அது பக்கத்துச் சுவரைப் பகிர்ந்துகொண்டு தோளோடு தோள் நிற்கும் வீட்டு வரிசை. 1807இல் அல்பன் தாமஸ் ஜோன்ஸ் க்வின் என்ற பாதிரியார் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றைப் பெற்று ஐரன் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார். தெருக்களும் சதுக்கமும் அதன் பிறகு திட்டமிட்டு எழுந்தவை. சில கிலோமீட்டர் தள்ளி லானெர்ஐரன் மாளிகையைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஜான் நாஷ்தான் ஊரையும் வரைந்தார் என்று இங்கே பலர் நம்புகிறார்கள்; ஆய்வாளர்கள் ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த எட்வர்ட் ஹேகாக்கைச் சொல்கிறார்கள். யார் வரைந்திருந்தாலும் அளவு பிசகவில்லை. அல்பன் சதுக்கத்தில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். ஒரே உயரத்தில் ஓடும் ஜன்னல் வரிசையைப் பார்த்தால் தனித்தனி வீடுகள் என்றே தோன்றாது.

இனி ஈரத்துக்கு வருகிறேன். என் வீட்டுச் சுவர் ஒழுங்கில்லாத கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது, கிட்டத்தட்ட இரண்டடி கனம். இப்படிப்பட்ட சுவர் மழையைக் கொஞ்சம் குடிக்கும், காற்றடிக்கும்போது திருப்பிக் கொடுத்துவிடும். எனக்கு முன்பிருந்தவர்கள் வெளியே சிமெண்ட் பூசியிருந்தார்கள். நான் என் பங்குக்கு உள்ளே ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் பெயிண்டை இரண்டு முறை அடித்தேன். கணப்படுப்புகளையும் பலகை வைத்து அடைத்தேன். அவற்றின் புகைபோக்கிதான் அறைக்குக் காற்றோட்டம் தந்துகொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்ந்தது. என் மகனுக்கு இருமல் நிற்கவில்லை. அந்த ஜனவரியை இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு அனுமதி வாங்கி, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்தோம். சாரத்தில் நின்று சிமெண்ட் பூச்சை உளியால் நெம்பினார். பாளம் பாளமாக வந்தது. பின்னால் கல் கறுத்துக் கிடந்தது. இடுக்கில் இருந்த சாந்தை விரலால் தொட்டேன். இறுகிய சாந்தாக இல்லை, ஈர மாவுபோல் பிதுங்கி வந்தது. வெடிப்பு வழியே நுழைந்த மழை, வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கியிருக்கிறது. சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசினோம். அடுத்த குளிர்காலம் அந்த அறையில் பூஞ்சை வரவில்லை.

சிமெண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. புது வீட்டுக்கு அது சரி, இந்தச் சுவருக்குச் சரியில்லை.

இன்னொன்று, இந்த ஊரில் ஏராளமான வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் பார்த்த வீடும் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதன் உட்புறத்துக்கும் பாதுகாப்பு உண்டு. மாடிப்படியையோ பழைய கதவையோ அனுமதியின்றிப் பிடுங்குவது குற்றம். ஜன்னல்களையும் விட்டுவைக்கக் கெஞ்சுகிறேன். மேலும் கீழும் சறுக்கும் அந்தச் சட்டங்களுக்கு இருபுறமும் மரப்பெட்டிக்குள் இரும்புக் குண்டு கயிற்றில் தொங்குகிறது. என் வீட்டு முன்ஜன்னல் திறக்காமல் கிடந்தது. தச்சர் வந்து சட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு மரத்துண்டை நெம்பி எடுத்து, உள்ளே கைவிட்டு, கயிறறுந்து விழுந்திருந்த குண்டை வெளியே எடுத்தார். புதுக் கயிறு கட்டினார், அவ்வளவுதான். இப்போது ஒரு விரலால் தூக்கினால் எழுகிறது. இதைப் பெயர்த்தெறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கச் சொன்னவர்கள் எத்தனையோ பேர், அதில் என் சொந்தக்காரர்களும் அடக்கம்.

கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "இங்கிலாந்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேல்ஸ் இங்கிலாந்து அல்ல. என் தெருவில் வேல்ஸ் மொழிதான் காலையில் முதலில் காதில் விழுகிறது, அந்தத் தச்சரும் தன் மகனிடம் அதில்தான் பேசினார். "இந்திதானே பேசுவீர்கள்?" என்று யாராவது கேட்டால் நமக்கு எப்படிச் சுருக்கென்று தைக்கிறது! இங்கே குடிவரும் தமிழர்களே ஆண்டுக்கணக்கில் இதைத் தப்பாகச் சொல்வதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீடு வாங்கினால் அண்டை வீட்டாரிடம் "போரே தா" என்று காலை வணக்கம் சொல்லிப் பாருங்கள். எனக்கு அந்தக் கொத்தனாரைக் காட்டியது பக்கத்து வீட்டு மூதாட்டிதான்.

விற்பவரிடம் வெளிப்பூச்சு சிமெண்டா சுண்ணாம்பா என்று கேளுங்கள். சிமெண்ட் என்றால் அதை உரித்துப் பூசும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டின் பின்சுவரும் இன்னும் பாக்கி இருக்கிறது. உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால் மே மாதத்துக்காகக் காத்திருக்கிறோம். அதற்குள் வந்தால் உளி போடுவதை நேரிலேயே பார்க்கலாம்.