கணவரின் நெஞ்சு இறுக்கம் முதலில், உங்கள் டிரெட்மில் ரிப்போர்ட் பிறகு

கேள்வி: எனக்கு வயது 45. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனையில் டிரெட்மில் டெஸ்ட் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டது. இடது மார்பில் அவ்வப்போது சுருக்கென்று குத்துகிறது. காபி குடித்தால் படபடப்பு வருகிறது. இணையத்தில் படித்துவிட்டு ஒரு மாதமாக ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். உடனே ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டுமா? என் கணவருக்கு 57 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. சென்ற ஆண்டு அவருக்கு இதே டெஸ்ட் ‘நெகட்டிவ்’. இரண்டு மாதமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்கிறார். வாயு என்று மருந்து குடிக்கிறார். போன வாரம் தூக்கத்திலும் வந்தது. இருவரின் ரிப்போர்ட்டையும் இணைத்துள்ளேன்.
- வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கணவரை இன்றே இதயச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடிதத்தைப் படித்ததுமே உங்களைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொல்லச் செய்தேன். இன்னும் போகவில்லை என்றால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், கிளம்புங்கள்.

வாயு, நாம் நடக்கிறோமா நிற்கிறோமா என்று பார்த்து வந்து போவதில்லை. நடந்தால் இறுக்கி, நின்றால் விடுகிற வலி, இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு மருத்துவத்தில் உள்ள மிகத் தெளிவான அடையாளங்களில் ஒன்று. அது இப்போது தூக்கத்திலும் வந்துவிட்டது. உழைப்பே இல்லாதபோது வருகிறது என்றால், ரத்தக்குழாயில் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாரடைப்பு வருமுன் உடல் தருகிற எச்சரிக்கை இதுதான். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு இந்த வலி மங்கலாகத்தான் தெரியும். ஆகவே ‘லேசாகத்தான் இருக்கிறது’ என்று அவர் சொன்னால் அதில் ஆறுதல் கொள்ளாதீர்கள்.

அவருடைய ரிப்போர்ட்டில் வீட்டிலுள்ள எல்லோரும் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறீர்கள். நடுவில் இருப்பதுதான் முக்கியம். ஓடும் பட்டையில் நடக்கவைத்து, இதயத்தை ஈசிஜியில் கவனிக்கும் இந்தச் சோதனை பெரும்பாலும் அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறையில் நடக்கிறது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதத்தை இதயத் துடிப்பு எட்ட வேண்டும். அன்று 56 வயதான உங்கள் கணவருக்கு அது நிமிடத்துக்கு 139. அவர் எட்டியது 121. முழங்கால் வலி என்று ஐந்தாவது நிமிடத்தில் இறங்கிவிட்டார். அன்று காலை ரத்த அழுத்தத்துக்கான மெட்டோபுரோலால் மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. இதயத்தைப் போதிய அளவு உழைக்கவே வைக்காத சோதனையில் அடைப்பு தெரியவில்லை என்பதை நான் ‘நெகட்டிவ்’ என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது முடிவுக்கு வராத சோதனை. (அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலி மோசமாகும்.)

ஒழுங்காக முடித்திருந்தாலும்கூட இந்தச் சோதனை, குறிப்பிடத்தக்க அடைப்பு உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரைத் தவறவிடும். ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குழாய் குறுகியிருந்தால்தான் அது காட்டும். சிறிய கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து வருகிற மாரடைப்பை அதனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓராண்டுக்கு முந்தைய தாளைக் காட்டி இன்றைய வலியை மறுப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது; அப்படி மறுத்தவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சந்தித்திருக்கிறேன்.

மறுபடியும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கலாம் என்று பரிசோதனை நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். ஓய்விலும் வலி வருகிறவரை, நிலைமை கட்டுக்குள் வரும்வரை டிரெட்மில்லில் ஏற்றவே கூடாது. அவருக்குத் தேவை ஈசிஜியும், இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும். முதல் முறை இரண்டும் சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். அவசரப்பட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். ஆஞ்சியோகிராம் வேண்டும் என்றால் அவருக்குத்தான் வேண்டியிருக்கும். வழியிலோ வீட்டிலோ வலி வந்து 10 நிமிடத்தில் நிற்கவில்லை, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். அவரை பைக் ஓட்ட விடாதீர்கள்.

இனி உங்களுக்கு. நீங்கள் 10 நிமிடத்துக்கு மேல் நடந்திருக்கிறீர்கள்; வலி இல்லை; ரத்த அழுத்தம் முறையாக ஏறியிருக்கிறது; ‘பாசிட்டிவ்’ என்று எழுதவைத்த, ஈசிஜி கோட்டில் தெரிந்த ஒரு மில்லிமீட்டர் இறக்கம், ஓய்வில் ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. இதய வலிக்கான அறிகுறியும் ஆபத்துக் காரணிகளும் இல்லாத பெண்களிடம் இப்படி வரும் ‘பாசிட்டிவ்’ பெரும்பாலும் பொய்யாகவே முடிகிறது. அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்யாமலிருப்பதே நல்லது என்கிறோம். பரிசோதனைத் திட்டத்தில் சேர்ந்து வருகிறது என்பது அதைச் செய்வதற்குக் காரணம் ஆகாது. கணவரின் சிகிச்சை ஓர் ஒழுங்குக்கு வந்ததும் ஒரு இதய மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால், இதயத்தை உழைக்கவைத்து அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்டிரெஸ் எக்கோ செய்வார். நேராக ஆஞ்சியோகிராமுக்குப் போகத் தேவை இருக்காது. விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் நொடி நேரம் குத்துவது பெரும்பாலும் இதய வலி அல்ல. படபடப்புக்குக் காபியைக் குறைத்துப் பாருங்கள்.

ஆஸ்பிரினை இன்றே நிறுத்துங்கள். யாரும் எழுதித் தராத அந்த மாத்திரையால் உங்கள் இதயத்துக்குப் பயனில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மலம் கறுத்துப் போயிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.