ஊழல் வழக்கில் தண்டனை வாங்கியவர் எந்த முகத்தோடு மறுபடி ஓட்டுக் கேட்டு வருகிறார்?

அதே முகத்தோடுதான். எங்கள் ஊரில் நானே பார்த்தேன்.

ஊர் காரைக்குடிப் பக்கம், பெயர் வேண்டாம். அவர் 2006 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். கெட்டிக்காரர். ஊரணி வற்றுகிற கோடையில் லாரித் தண்ணீர் வந்து நிற்கும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு வீட்டு வரி வேலையைப் போனிலேயே முடித்துக் கொடுப்பார். விடிந்தும் விடியாமலும் அவர் வீட்டு முகப்பில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். காசு வாங்குவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை, 'தலைவருக்குக் கொடுக்கணும்' என்பார்கள்.

2009இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் வீடு கட்ட பிளான் அனுமதி கேட்டுப் போனார். ஐயாயிரம் கேட்டிருக்கிறார் தலைவர். கேட்டுப் போனவர் நேராக லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போய்விட்டார்.

இங்கேதான் என் தாய்மாமா வருகிறார். பொறி வைக்கும்போது வேறு துறை அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப்போவார்கள். மாமா ஓர் அலுவலகத்தில் கிளார்க். 'நாளைக் காலையில் போய் ஆஜராகு' என்று மேலதிகாரி சொன்னார், போனார், அவ்வளவுதான். நோட்டுகளில் பினாப்தலீன் பொடி தடவி, நம்பர் குறித்து, புகார் கொடுத்தவர் சட்டைப் பையில் வைத்தார்கள். மாமா சொந்தக்காரர் மாதிரி அவர் கூடவே போக வேண்டும். தலைவர் நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமல், 'சொன்ன அஞ்சும் கொண்டாந்தியா?' என்று கேட்டு வாங்கி எண்ணினாராம். அதற்குள் அதிகாரிகள் உள்ளே வந்துவிட்டார்கள். கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல், அதில் விரல்களை நனைக்கச் சொன்னதும் தண்ணீர் ரோஸ் கலராக மாறியது. 'ரோஸ்மில்க் மாதிரிடா' என்பார் மாமா. அன்றையிலிருந்து அவர் ரோஸ்மில்க் குடித்து நான் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி சீல் வைத்து, ஒட்டிய சீட்டில் மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

தலைவர் பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். 2011 தேர்தலில் மறுபடி நின்றார், ஜெயித்தார். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

சிவகங்கை கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பணம் கையில் இருந்தது மட்டும் போதாது, அவர் கேட்டு வாங்கினார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அதனால் மொத்த வழக்கும் மாமா காதில் விழுந்த அந்த ஒரு வரியில் வந்து நின்றது. தலைவர் கைமாத்தாகக் கொடுத்த பணத்தைத்தான் புகார் கொடுத்தவர் திருப்பித் தந்தார் என்றது எதிர்த்தரப்பு. 'அஞ்சுன்னா எத்தனையோ இருக்கு, அஞ்சு கல்யாணப் பத்திரிகையாக்கூட இருக்கலாமே?' என்று வக்கீல் கேட்டபோது கோர்ட்டே சிரித்ததாம். வீட்டுக்கும் ஆள் வந்தது. 'ஞாபகம் இல்லைன்னு சொல்லிருங்க தம்பி, உங்களுக்கு என்ன பகை?' அத்தை பயந்துபோய் அழுதார். மாமா பெரிய லட்சியவாதி எல்லாம் இல்லை. மாற்றிச் சொன்னால் தன் வேலைக்குக் கேடு வரும் என்ற பயம்தான் அவரை உண்மை பேச வைத்தது என்பது என் கணிப்பு.

2014இல் இரண்டு வருடத் தண்டனை. பதவி போனது. மேல்முறையீடு செய்ததும் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள், ஜெயிலுக்குப் போகவில்லை. 'தலைவர் கேஸை உடைச்சுட்டாரு' என்று ஊரே நம்பியது. இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். தண்டனையை நிறுத்தி வைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைப்பது வேறு. முன்னது கிடைத்தால் வீட்டில் இருக்கலாம், பின்னது கிடைத்தால்தான் தேர்தல் தகுதி திரும்பும். சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை வாங்கிய திமுகவின் பொன்முடிக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது பின்னது, அதனால்தான் மறுபடி அமைச்சரானார். அதே கட்சியின் செல்வகணபதி 2014இல் சுடுகாட்டுக் கூரை ஊழல் வழக்கில் தண்டனை வாங்கி ராஜ்யசபா பதவியை இழந்தார். 2023இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, அடுத்த வருடமே சேலம் எம்பி.

எங்கள் ஊர்க்காரருக்கு அவ்வளவு பெரிய வக்கீல் கிடையாது. அவர் வேறு வழியில் போனார். தண்டனைக்குப் பிறகு ஊரில் ஒரு சாவு வீட்டைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ராத்திரி ரெண்டு மணி என்றாலும் ஐஸ் பெட்டிக்குச் சொல்வது அவர்தான். மஞ்சுவிரட்டுக்குப் பித்தளை அண்டா பரிசு. கல்யாணங்களில் மொய். எதிர்வீட்டு ஆச்சியிடம் ஒருநாள் கேட்டேன், 'லஞ்சம் வாங்கி மாட்டுனவராச்சே ஆச்சி, அவரைப் போய்த் தலைவருங்கிறீங்க?' 'அதுக்கென்னப்பா, உங்க ஐயா செத்தன்னிக்குப் பந்தல் போட்டது ஜட்ஜா?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. மூன்று வருடத்துக்கு மேல் தலைவர், மெம்பர் யாரும் இல்லை, தனி அலுவலர்தான். அப்போது டிப்ளமோ முடித்த ஒரு பையன், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து யூனியன் ஆபீசுக்கும் கூடவே போய்வந்தான். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பான், அவ்வளவே. ரசீது போட்ட தொகையை மட்டும் கட்டினாலும் பிளான் அனுமதி வரும் என்று எங்கள் ஊர் தெரிந்துகொண்டது அந்த மூன்று வருடத்தில்தான்.

2019 டிசம்பரில் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கீடானது. அவர் மனைவியை நிறுத்தினார். அந்த அம்மாள் கும்பிட்டபடி முன்னால் வர, பின்னாலேயே இவர், 'நான் நிக்கிற மாதிரி நினைச்சுக்கங்க' என்று. எதிரே அந்தப் பையனின் அம்மா. ஐம்பதுக்கும் குறைவான ஓட்டில் தலைவர் வீட்டு அம்மாள் தோற்றார். ஊர் திருந்திவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்று கணக்குப் பார்த்தார்கள், அதிலும் பாதிப் பேருக்கு மனசு வரவில்லை.

2025 ஜனவரியோடு அந்தப் பதவிக் காலமும் முடிந்தது, மறுபடி தனி அலுவலர். போன வைகாசியில் காரைக்குடியில் ஒரு கல்யாணம், பந்தியில் மாமாவுக்குப் பக்கத்து இலையில் பழைய தலைவர்தான் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரோ, 'சார், கேட்டதைத்தான சொன்னீங்க, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை' என்று மாமா இலைக்கு இன்னொரு கந்தரப்பம் வைக்கச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, 'தம்பிக்கு ஓட்டு இன்னும் நம்ம ஊர்லதான இருக்கு?' என்றார்.