ஆப்டிகலா, கோஆக்ஸியலா: ஹோம் தியேட்டருக்கு எந்தக் கேபிள் போடலாம்?

கேட்டவர் சென்னைக்காரர். புது டிவி, பழைய ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி), ஒரு டிவிடி பிளேயர் வைத்திருக்கிறார். ரிசீவரின் பின்னால் ஆப்டிகல், கோஆக்ஸியல் இரண்டு சாக்கெட்டும் இருக்கிறதாம். எதில் சவுண்ட் நன்றாக வரும் என்று கேட்கிறார்.

இரண்டிலும் ஒரே சவுண்ட்தான் வரும். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஃப் என்ற ஒரே முறையில்தான் இரண்டு கேபிளும் டேட்டாவைக் கொண்டுபோகின்றன. கோஆக்ஸியலில் அது மின்சாரத் துடிப்பாகப் போகிறது, ஆப்டிகலில் சிவப்பு வெளிச்சமாகப் போகிறது. சாதாரண இரண்டு ஸ்பீக்கர் சவுண்டான ஸ்டீரியோ பிசிஎம், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபருமான டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 மூன்றும் இரண்டிலும் போகும். ப்ளூ-ரே டிஸ்க்கில் வரும் டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ இந்த இரண்டு கேபிளிலும் போகாது, அதற்கு ஹெச்டிஎம்ஐதான் வேண்டும். கேபிளில் கோளாறு இருந்தால் சவுண்ட் விட்டுவிட்டு வரும், டிக் டிக் என்று வெட்டும், இல்லையென்றால் அடியோடு நின்றுபோகும். பேஸ் குறைவது, குரல் மங்குவது எல்லாம் இந்தக் கேபிள்களால் நடக்காது.

அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் "சார், இது கோல்டு பிளேட்டட், பேஸ் சும்மா அதிரும்" என்று ஆப்டிகல் கேபிளை நீட்டினால் வாங்காதீர்கள். உள்ளே போவது வெளிச்சம். வெளிப்பூச்சு தங்கமாக இருந்தால் அதற்கு என்ன? நுனி கீறலில்லாமல் இருக்கிறதா, சாக்கெட்டில் 'க்ளிக்' என்று உட்காருகிறதா, இதைப் பார்த்து வாங்கினால் போதும்.

சவுண்ட் ஒன்று என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? உங்கள் வீட்டு வயரிங்கை வைத்து. நம்மூர் வீடுகளில் பெரிய தொல்லை ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் வரும் முனகல்தான். மேற்கு மாம்பலத்தில் என் பெரியப்பா வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். கச்சேரி சிடி கேட்பதற்காகவே ரிசீவர் வாங்கியவர் அவர். எந்த சிடியைப் போட்டாலும் தம்புரா சுருதிக்கு அடியில் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஆம்ப் போச்சுடா, வேற வாங்கணும்" என்றார். செட்-டாப் பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு ஒரு கோஆக்ஸியல் கேபிள் போயிருந்தது. "பெரியப்பா, பாக்ஸுக்குப் பின்னாடி திருகியிருக்கிற கேபிள் டிவி வயரை மட்டும் கழட்டுங்க" என்றேன். கனெக்டர் கடைசிப் புரியைத் தாண்டி வெளியே வந்ததும் முனகல் நின்றது. மறுபடி தொட்டதும் வந்தது.

காரணம் இதுதான். கேபிள் டிவி வயரின் உலோக வலை தெருக் கம்பத்திலிருந்தோ மொட்டைமாடியிலிருந்தோ ஒரு எர்த்தைக் கொண்டுவருகிறது. ரிசீவருக்கு மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த். இரண்டுக்கும் நடுவே சின்ன மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். கோஆக்ஸியல் கேபிளின் வெளிவலை இரண்டையும் இணைத்துவிடுவதால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதன் வழியாக ஓடி, ஆம்ப்ளிஃபயரில் முனகலாகக் கேட்கிறது. டிஜிட்டல் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேடு வருவது ரிசீவரின் அனலாக் பகுதியில். ஆப்டிகலில் உலோகத் தொடர்பே கிடையாது, பிளாஸ்டிக் இழை மட்டும்தான். பெரியப்பா வீட்டில் கோஆக்ஸியலை எடுத்துவிட்டு ஆப்டிகல் போட்டோம். கேபிள் டிவி வயரைப் பழையபடி திருகிய பிறகும் ஹம் வரவில்லை.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஹம்மை நிறுத்துவதற்காக ரிசீவர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிறவர்களும், இரண்டு பின் அடாப்டரில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் போனால் அந்த உலோகப் பெட்டியிலேயே கரண்ட் பாயும், தொட்டவர் உயிருக்கு ஆபத்து. சில நூறு ரூபாய் கேபிளில் தீர்கிற பிரச்சினை இது.

ஆகவே, டிவி, செட்-டாப் பாக்ஸ் என்று கேபிள் டிவி வயர் எதில் வந்து சேர்கிறதோ, அதிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் போடுங்கள். பெரும்பாலான டிவிகளில் டிஜிட்டல் அவுட் என்று இருப்பதும் ஆப்டிகல்தான். போடும்போது மூன்றைப் பாருங்கள். நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டும், அது நிறமில்லாமல் இருப்பதால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. டிவியை ஆன் செய்து மறுமுனையை உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தால் சிவப்புப் புள்ளி விழ வேண்டும், விழுந்தால் கேபிள் சரி. சுவரில் மாட்டிய டிவி என்றால் பின்னால் இடமே இருக்காது. கேபிளை அங்கே நறுக்கென்று மடக்கினால் இழையில் விரிசல் விட்டுவிடும், எல் வடிவ அடாப்டர் போடுங்கள்.

டிவிடி பிளேயருக்கு நான் கோஆக்ஸியல்தான் போடுவேன். அதில் கேபிள் டிவி வயர் கிடையாது, பெரும்பாலும் இரண்டு பின் பிளக்தான், ஹம்முக்கு வழி குறைவு. ரிசீவரின் ஆப்டிகல் சாக்கெட்டும் டிவிக்கு மிச்சமாகும். தனியாகக் கேபிள் வாங்கக்கூட வேண்டாம். இதற்கு 75 ஓம் கேபிள் வேண்டும், பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை செட்டில் வீடியோவுக்கான மஞ்சள் வயர் அந்த வகைதான்.

ஹாலிலிருந்து அடுத்த அறைக்குத் தூரமாகக் கொண்டுபோவதானாலும் கோஆக்ஸியல்தான். பிளாஸ்டிக் ஆப்டிகல் கேபிளில் 5 மீட்டரைத் தாண்டினால் வெளிச்சம் குறைய ஆரம்பிக்கும், 10 மீட்டர் என்பது எல்லை. சுவருக்குள் ஓடும் பைப்பின் வளைவுகளில் அதை இழுப்பதும் கஷ்டம், நுனியை வெட்டி மறுபடி போடவும் உள்ளூர் எலக்ட்ரீஷியனால் முடியாது. கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 வயரும் 75 ஓம்தான். அதையே பைப்பில் இழுத்து இரு முனையிலும் ஆர்சிஏ பின் (அந்த மஞ்சள் வயரின் நுனியில் இருக்கும் அதே வகைப் பின்) போட்டால் வேலை முடிந்தது. 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தரப் பாட்டு ஃபைல்கள் கேட்கிறவர்களுக்கும் கோஆக்ஸியலே நல்லது, பல ஆப்டிகல் சாக்கெட்டுகள் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் ஆர்சிஏ பின்கள் பச்சை பூத்துவிடும். சவுண்ட் வெட்ட ஆரம்பித்தால் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, பின்னை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.

கேபிள் மாட்டியும் 5.1 வராமல் ஸ்டீரியோ மட்டும் வந்தால் கேபிளைச் சந்தேகப்படாதீர்கள். டிவியின் ஆடியோ மெனுவில் டிஜிட்டல் அவுட் 'பிசிஎம்' என்று இருக்கும், அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள். டிவிடி பிளேயரின் மெனுவில் டிடிஎஸ் தனியாக 'ஆஃப்' என்று கிடக்கும், அதையும் ஆன் செய்துவிடுங்கள்.